ஓடைக்கு ரெண்டு கரை

— மழுப்பாத எக்கார்ட். நேத்து உங்க கீழ்வால்ஸ்பாக் கூட்டத்துல என்ன முடிவாச்சு?

— மேல்வால்ஸ்பாக் மேயர் முதல்ல வாயத் தொறக்கட்டும் மச்சான். அப்புறம் நான் சொல்றேன்.

— எழுபத்திரெண்டாம் வருஷம் முடியறதுக்குள்ள நம்ம ரெண்டு ஊரும் சேர்ந்து ஒரே ஊராகணும், இல்லன்னா டவுனோட சேரணும்னு சர்க்கார் சொல்லிடுச்சில்ல. நாங்க டவுனுக்கே போறதா எழுதிக் குடுத்துட்டோம்.

— அடப்பாவி ரூப்பர்ட். போன வாரம் பீர் குடிக்கிறப்ப தோள்ல கை போட்டு, "நாம சேர்ந்தே இருப்போம்"னியே.

— சேர்ந்தா மேயர் நீதான். உங்க கத்தோலிக்க நற்கருணை ஊர்வலத்துக்கு எங்க தெருவுல பூத் தூவச் சொல்லுவ.

— பூவா? ஊர்வலம் கிளம்புற நேரமாப் பாத்து வயல்ல எருக் கொட்டுற ஊராச்சே உங்க ஊரு. தலைமுறை தலைமுறையா மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் ஜெபம் பண்றோம்.

— நீங்க மட்டும் யோக்கியமா? புராட்டஸ்டன்ட்காரங்க எங்களுக்குப் பெரிய நாளே பெரிய வெள்ளிதான்; அது வந்தாத்தான் உங்களுக்கு அழுக்குத் துணி ஞாபகம் வரும். ஓடைக்கரை பூரா உள்பாவாடையாத் தொங்கும்.

— அந்தக் காலத்துல பிஷப் ஆண்ட ஊரு அப்படித்தான் இருக்கும்.

— பிரபு ஆண்ட ஊரும் இப்படித்தான் இருக்கும். பேச்ச மாத்தாத. உங்க முடிவு என்ன?

— நாங்களும் டவுனுக்குத்தான்.

— இதுல நான் பாவியா?

— நீ மேயரா வந்து உக்காந்தா எங்கப்பா கல்லறையில நிம்மதியாப் படுப்பாரா? கிளாரா உன்னைக் கட்டிக்கிட்டப்பவே பாதி உயிர் போச்சு மனுஷனுக்கு.

— சரி விடு. டவுன்காரன் தூரத்துல இருப்பான். அவனவன் கரையில அவனவன் ராஜா. அதோ, உன் தங்கச்சியே வர்றா.

— அண்ணே, நீயும் இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. டவுன் ஹால்லருந்துதான் வர்றேன். ரெண்டு ஊரையும் ஒரே வார்டாக்கிட்டாங்க. ஒரே தலைவர்தான்.

— ஒரே வார்டா? எங்க ஊர்ல ஒருத்தனும் இவனுக்குக் கீழ இருக்க மாட்டான் கிளாரா.

— எங்க ஊர்லயும்தான் மச்சான். உன்னை யாரும்மா டவுனுக்குப் போகச் சொன்னா?

— ரெண்டு ஊர்ப் பொம்பளைங்களும்தான். சண்டை உங்களோடது. பெரிய வெள்ளியில துவைச்சதும், ஊர்வலத்தன்னிக்கு எரு வாரினதும் நாங்க. தலைவியா என்னைப் போட்டாச்சு. ஊர் முத்திரைய ரெண்டு பேரும் இந்தக் கூடையில போடுங்க. அப்புறம் அண்ணே, வர்ற பெரிய வெள்ளிக்குத் துணி துவைக்க ஆசையிருந்தா நீயே துவை. ஊர்வலத்தன்னிக்கு எரு வாரணும்னா இவரே வாரட்டும்.