வாயிற்கதவின் இரண்டு பாதிகள்

அவையைத் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் சிவபாலன் அவர்களே, கொட்டாஞ்சேனைக் கைத்தொழிலாளர் சங்கத்தின் பெரியோர்களே, பட்டறைப் புகையிலே பகலைக் கழித்துவிட்டு, முகம் கழுவிய ஈரத்தோடு வந்தமர்ந்திருக்கும் தோழர்களே, அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு மாலைவரை வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் பிறிஜெற் மரியநாயகத்தின் பணிவான வணக்கம்.

கருவிகளால் வரும் காயங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள் என்று எனக்கு முன் பேசிய பொறியியலாளர் அழகாகச் சொன்னார். நான் தமிழ் படிப்பிக்கிறவள். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு விபத்து. அதைச் சொல்ல, அதோ தலைகுனிந்து இருக்கிற என் கணவர் அனுமதி தந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், ஐயா, எழுந்து போய்விடுவார்.

ஸஹாப்தீன் முதலாளியின் இரும்புப் பட்டறையில் என் கணவர்தான் மூத்த கை. யன்னல் கம்பியா, வாயிற்கதவா, மரியநாயகத்தைக் கூப்பிடு என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் யுத்தத்தால் ஊரைவிட்டு அள்ளுண்டு வந்த அடுத்த ஆண்டு, சண்முகலிங்கம் என்றொருவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் அவர் வளைத்த கம்பியிலே கொடி படர்ந்தது. அவர் வெட்டிய தகட்டிலே மயில் நின்றது. வாடிக்கையாளர்கள் அவரைக் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

அன்று மூண்டது என் வீட்டிலே நெருப்பு. பொறாமை எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? கத்திக்கொண்டா வரும்? கதவைத் தட்டிக்கொண்டா வரும்? இல்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பேசாமல் வந்து உட்காரும். முதலாளி சண்முகலிங்கத்தைத் தம்பி என்று அழைத்தாராம். அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தார் என் கணவர். இரும்பு வெட்டும் புதுக் கிரைண்டரை அவருக்குக் கொடுத்தாராம். அன்று மீன்குழம்பைத் தொடவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாயிற்கதவைப் பார்த்து, என்ன வடிவு என்றேன். அது சண்முகலிங்கத்தின் வேலை என்று எனக்கு எப்படித் தெரியும்? பூசை முடியும்வரை இவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

சிரிக்கிறீர்கள், அக்கா. உங்கள் வீட்டிலும் உண்டு போலிருக்கிறது.

பம்பலப்பிட்டியில் ஒரு பெரிய வீட்டுக்கு இரட்டை வாயிற்கதவு செய்யக் கேட்டார்கள். வேலை கெதியாய் முடியட்டும் என்று, முதலாளி ஒரு பாதியை இவரிடமும் மறுபாதியை அவரிடமும் கொடுத்தார். என் கணவருக்கோ அது போர்க்களம். அவன் முடிப்பதற்குள் நான் முடிக்கவேண்டும்! சின்னக் கிரைண்டர் மெதுவாக வெட்டுகிறது என்று, அதன் பாதுகாப்புக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய மெசினுக்கு உரிய பெரிய வெட்டுத் தட்டைப் பூட்டினார். சின்ன மெசின் சுழலும் வேகம் கூடுதல். பெரிய தட்டு அதைத் தாங்காது. அவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்த கையைத்தான் பொறாமை பிடித்து இழுத்தது.

சண்முகலிங்கம் தன் வேலையை விட்டு எழுந்து வந்தார்.

"அண்ணை, அந்தத் தட்டைக் கழட்டுங்கோ. வெடிச்சுப் போடும்."

"உன்ட பாதியைப் பாரு. என்னைப் பிந்த வைக்கப் பார்க்காத" என்றார் என் கணவர்.

சுவிச்சையும் போட்டார். சண்முகலிங்கம் பிளக்கை இழுக்கக் குனிந்தார். தட்டு வெடித்தது. பூட்டியவருக்குக் கன்னத்தில் ஒரு கீறல். தடுக்க வந்தவருக்கு வலது உள்ளங்கை பிளந்தது.

இத்தோடு முடிந்ததா? காலம் எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? வடக்கிலிருந்து வந்த ஆண்பிள்ளை, பிளந்த கை, சட்டையெல்லாம் கருந்தூள். ஆஸ்பத்திரியில் கண்ட பொலிஸார், குண்டு செய்தவன் என்று சந்தேகித்துக் கட்டிலருகே காவல் போட்டார்கள். முதலாளி போய்ச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டார்கள். கண்டவர் ஒருவர்தான்: என் கணவர்.

அவர் வீட்டில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். போய்ச் சொன்னால் தன்னையும் பிடித்து வைப்பார்கள் என்று பயம். அந்தப் பயத்துக்குக் கீழே இன்னொன்றும் கிடந்தது. இனி அவன் பட்டறைக்கு வரமாட்டான் என்ற நினைப்பு, ஒரு கணம் இனித்ததாம். அந்த இனிப்புத்தான் அவரை நடுங்க வைத்தது.

"அவன் உள்ளுக்குப் போனா நல்லம்னு நினைச்சிட்டன், பிறிஜெற்" என்றார். "நான் போய்ச் சொல்லிட்டு வாறன்."

உடைந்த தட்டின் துண்டுகளையும் கழற்றிய கவரையும் பையில் போட்டுக்கொண்டு, முதலாளியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். பூட்டியது நான், தடுக்க வந்தவர் அவர் என்று சொன்னார். இவரையும் இருத்தி வைத்தார்கள். நான் வாசலில் நின்ற நிலையை எந்தத் தமிழால் சொல்வேன்! ஓர் அதிகாரி பட்டறைக்கு வந்து, அரைகுறையாகக் கிடந்த கதவைப் பார்த்த பிறகுதான் இருவரையும் விட்டார்கள்.

சண்முகலிங்கத்தின் வலக்கை இனிக் கிரைண்டரைப் பிடிக்காது. இடக்கையால் தகட்டிலே சோக்கால் வரைகிறார். என் கணவர் வெட்டுகிறார். அந்தக் கோடுகளைப் புகழாத வாடிக்கையாளர் இல்லை. அப்படியானால் பொறாமை போய்விட்டதா? இல்லை, தோழர்களே, போகவில்லை! இன்றும் வருகிறது!

பொறாமைப்படாதே என்று சொல்ல நான் இந்த மேடை ஏறவில்லை. வரட்டும்! வந்து நெஞ்சிலே நிற்கட்டும்! உன் விரல் மட்டும் சுவிச்சில் நிற்கவேண்டாம்! ஆத்திரம் கையிலே ஏறினால், ஆயுதத்தைக் கீழே வை! அடுத்தவன் முந்தினால் முந்தட்டும். அவன் கையும் உன் கையும் முழுதாய் இருக்கட்டும்!

பட்டறை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். சில நாள், இரும்பு வெட்டும் சத்தம் இடையிலே நின்றுவிடும். யாரோ சண்முகலிங்கத்தைப் புகழ்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் கணவர் மெசினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, ஒரு பிளேன்டீ குடித்து, உள்ளம் ஆறிய பிறகே உள்ளே போகிறார். அந்த அமைதி என் காதில் விழும்போதெல்லாம், அடுப்படியில் நின்றபடியே கைகூப்புகிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னைப் பேசவிட்ட அவருக்கும் என் நன்றி. பத்திரமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.