எஞ்சின் நிறுத்தியிருந்த கார்

சாந்தகுமார் துஷ்யந்தி, வயது 47, கொட்டாஞ்சேனை, பாமசி மருந்துக்கடையொன்றில் காசாளர். வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி தமிழில் சொல்வதாவது:

சாந்தகுமார் என் கணவர். துறைமுகத்தில் கிரேன் திருத்துபவர். பெற்றோல் வரிசைகளில் நாங்கள் கிடந்த வருடம், எங்கள் பழைய காரின் கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கிரேனில் இருப்பதைப் போல எண்ணெய் அழுத்தத்தால் சில்லுகளைச் சுற்றவைக்கும் வேலையைத் தொடங்கினார். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகம் ஓர் உருளைக்குள் அழுத்தமாகச் சேரும், மறுபடி புறப்பட அதுவே காரைத் தள்ளும், பெற்றோல் மிச்சம் என்பார். சோறு போடும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் கார் ஓடியது. அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

அதன் பின்னர் ஒரு கம்பனி காரைப் பார்க்க வருவதாக அறிவித்தது. அதற்கு முன் பூசை செய்வோம் என்றவள் நான்தான். வெள்ளிக்கிழமை காலை காரை வாசலில் நிறுத்தினோம். எஞ்சின் இல்லாமல், சேர்ந்திருக்கும் அழுத்தத்தாலேயே தேசிக்காய்களின் மேல் ஏற்றிக் காட்டப்போவதாகச் சொன்னார். அதனால் உருளையை அவர் வெறுமையாக்கவில்லை; அழுத்தம் வெளியேறாமல் ஒரு வால்வுதான் அடைத்து வைத்திருந்தது. கை பிரேக் இன்னும் பொருத்தப்படாததால் சில்லுக்கு முன்னால் ஒரு கல் வைத்திருந்தார்.

அதன் பின்னர் நான் தேசிக்காய் வைக்கக் குனிந்தபோது அந்தக் கல் இடைஞ்சலாக இருந்தது. "இஞ்சாருங்கோ, கல்லை எடுக்கட்டே?" என்று கேட்டேன். "ஓம், எடும். எஞ்சின் ஓஃப் தானே" என்றார். எடுத்தேன். கார் சத்தமில்லாமல் நகர்ந்து என் வலது கையில் ஏறியது. மூன்று விரல்கள் போய்விட்டன.

அதன் பின்னர் வைத்தியசாலைக்கு வரும் வழியில், ஓட்டோவில் என் கையைத் தன் சேர்ட்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "துஷி, நான்தான் காருக்குள்ள ஏறி வால்வைத் திறந்தனான் எண்டு பொலிஸுக்குச் சொல்லும். வால்வு பிழையெண்டா கம்பனிக்காரர் வரமாட்டினம்" என்றார். அதையே அவர் பொலிஸில் சொல்லி உள்ளே இருக்கிறார் என்று இன்று அறிந்தேன்.

அது பொய். காருக்குள் ஒருவரும் இருக்கவில்லை. அவர் என் பக்கத்தில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்றார். வால்வு தானாக விட்டது.

இப்படிச் சொன்னால் அவரை விடக்கூடும் என்றும் காரை முடக்குவார்கள் என்றும் எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது. அவர்மீது எனக்கு முறைப்பாடு இல்லை. பொய் சொல்லி சிறைக்கு அனுப்பியிருந்தால் அவர் எனக்கு நன்றியோடு இருந்திருப்பார். இனி வீட்டுக்கு வந்தாலும் என்னோடு கதைப்பாரோ தெரியாது.

வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை, மாற்ற ஒன்றுமில்லை. கையொப்பமிட இயலாததால் இடது பெருவிரல் அடையாளம்.