அறுபத்திரெண்டாவது பொண்ணு

– அறுபத்தோரு பொண்ணுங்களைத்தான் நம்ம சங்கத்துல சேர அழைச்சோம். அறுபத்தோரு சட்டைதான் வாங்கினோம். இப்போ ஹால்ல அறுபத்திரெண்டு பேர் ஆடறாங்க, அதுல ஒருத்தி சட்டை இல்லாம. இது எப்படி, ரோவன்?

– சட்டை இல்லாமலா! ஐயோ டின்ஸ்லி, போட்டோகிராபர் வேற வந்திருக்காரே!

– சங்கத்துச் சட்டை இல்லாமடி. சொந்தச் சட்டை போட்டிருக்கா. மூச்சு விடு.

– அப்போ அவதான் கூடுதலா வந்தவளா?

– அவ இல்லை. அவ அழைப்பு அட்டையை வேர்வையிலயே நெத்தியில ஒட்டிக்கிட்டு ஆடறா. அதுல நம்ம சங்கத்து வீட்டுப் பேரு பளிச்சுன்னு தெரியுது. அழைப்பே இல்லாத எவளோ நம்ம சட்டையை மாட்டிக்கிட்டு நடுவுல ஆடறா. அது யாருன்னுதான் தெரியலை.

– எப்படிடி உள்ள வந்திருப்பா?

– எப்படியா? காலேஜ் மைதானத்துல ஆயிரத்து ஐநூறு பொண்ணுங்க ஆளுக்கொரு அழைப்புக் கவர் மேல உக்காந்திருக்காங்க. விசில் ஊதினதும் பிரிச்சுப் பாத்துட்டு, தன்னை எந்தச் சங்கம் கூப்பிட்டிருக்கோ அந்தச் சங்கத்து வீட்டுக்குக் கத்திக்கிட்டே ஓடறாங்க. அந்தக் கூட்டத்துல ஒரு பசுமாடு ஓடி வந்திருந்தாக்கூட நாம கட்டிப்பிடிச்சு அழுது சட்டையை மாட்டி விட்டிருப்போம். அதுக்குத்தானே வாசல்ல அட்டையை வாங்கிப் பாக்கறது? இந்த வருஷம் அதை யார் பாக்கலை?

– நான்தான் வேண்டாம்னேன். விதி நாலு. வந்த பொண்ணை முதல் மூணு மணி நேரத்துக்கு எதுவும் கேக்கக் கூடாது.

– பேரைக்கூடவா?

– பேரைக்கூட. எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, அம்மா இருந்தது எந்தச் சங்கம், எதுவும் கூடாது. சங்கத் தலைவின்னு நீதானேடி கையெழுத்துப் போட்டே? போன வருஷம் ஞாபகமில்லையா? வீடு மாறி வந்த பொண்ணை வாசல்லயே நிறுத்தி, அட்டையை வாங்கிப் பாத்து, இருநூறு பேர் முன்னாடி "நீ இல்லை"ன்னு சொன்னோம். அன்னைக்கு சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கிட்டு சொந்த ஊரு மொபீலுக்குப் போனவதான், படிக்கவே திரும்பி வரலை. அதுக்கப்புறம்தானே என்னைக் கனிவுப் பொறுப்புல உக்கார வெச்சீங்க?

– கனிவா இருன்னுதான் சொன்னேன். கண்ணை மூடிக்கோன்னா சொன்னேன்? அஞ்சு மணிக்கு எல்லாச் சங்கத்துக்கும் மேல இருக்கற கவுன்சிலுக்கு எண்ணிக்கை சொல்லணும். ஒரு தலை கூடினாலும் அடுத்த வருஷம் நாம யாரையும் சேக்க முடியாது. மிஸ் வெர்லீன், நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷமா இந்த வீட்டைக் கட்டிக் காப்பாத்தறது நீங்கதானே?

– எனக்கென்ன தெரியும் கண்ணு. சமையல்கட்டைப் பாத்துக்கறேன், சாவிக்கொத்தை வெச்சிருக்கேன், அவ்வளவுதான். இந்த டீல சக்கரை போதுமான்னு பாரு.

– கரண்டி அப்படியே நட்டுக்கிட்டு நிக்குது, மிஸ் வெர்லீன்.

– அப்போ சரியாத்தான் இருக்கு.

– இங்க பாரு ரோவன், உன் விதியும் உடையக் கூடாது, அந்தப் பொண்ணும் வெளிய போகணும். ஏதாவது வழி சொல்லு.

– கேள்வியாக் கேக்காம அறிவிப்பாச் சொல்லிடலாம்டி. "யாருக்காவது இங்க இருக்கச் சங்கடமா இருந்தா, அட்டை இருந்தாக் குடுத்துட்டு, இல்லாட்டி சும்மாவே, பின்வாசல் வழியாப் போயிடலாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். போறவங்களுக்கு ஒரு துண்டு பீச் பழக் கேக்." கூடுதலா வந்தவ தானாக் கிளம்பிடுவா. பாவம், அவளுக்கும் அவமானமில்லை.

– கேக் எதுக்குடி?

– வெறுங்கையோட அனுப்பினா அது கனிவா?

– சரி, போய்ச் சொல்லித் தொலை. நான் இங்கயே நிக்கறேன்.

– …

– என்னடி, இருபது நிமிஷமா ஆளையே காணோம்? போனாளா?

– போனாங்க.

– "போனாங்க"ன்னா?

– பதிமூணு பேர். அதுல ரெண்டு பேர் கேக்கைத் தின்னுட்டு முன்வாசல் வழியாத் திரும்பி வந்துட்டாங்க. மிச்சம் பதினோரு பேர் போயே போயிட்டாங்க.

– பதினோரு பேரா! அவங்களுக்கு என்ன கேடு?

– ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "ஒன்பது நாளா வீடு வீடாப் போய்ச் சிரிச்சுச் சிரிச்சு கன்னமே மரத்துப்போச்சுக்கா, போகலாம்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு"ன்னா. எனக்கும் அழுகை வந்துடுச்சு.

– நீ அழுதது இருக்கட்டும். அழைப்பு இல்லாதவ போனாளா இல்லையா?

– அந்தப் பதினோரு பேருமே அட்டை குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. எல்லாம் நம்ம அட்டை.

– அதாவது, நாம கூப்பிட்டவங்க போயிட்டாங்க, கூப்பிடாதவ இன்னும் ஆடறா.

– யாரா இருந்தாலும் அவ நல்லாத்தான் ஆடறாடி. ஹால்ல எல்லாருமே நல்லா ஆடறாங்க.

– அவ இப்போ ஆடலை கண்ணு. சமையல்கட்டுல ஐஸ் உடைச்சுக்கிட்டிருக்கா. மஞ்சள் ஷூ போட்ட பொண்ணு. டெல்ஃபின்னு பேரு.

– மிஸ் வெர்லீன்! உங்களுக்கு முதல்லயே தெரியுமா?

– வந்த அரை மணியில அவளே சொல்லிட்டா.

– எங்ககிட்ட ஏன் சொல்லலை?

– யாரும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு ரோவன் எழுதி ஒட்டியிருக்காளே. கேக்காததை எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு பாவம், கூட ரூம்ல இருக்கறவளோட கைப்பையைத் தூக்கிக்கிட்டு, அவ ஓட ஓட இவளும் ஓடி வந்திருக்கா. வாசல்ல நாலு பேர் பாய்ஞ்சு கட்டிப்பிடிச்சிருக்காங்க. எவளோ சட்டையைத் தலை வழியா மாட்டிட்டா. "இந்த ஊருக்கு வந்து பத்து நாளாச்சு, இன்னைக்குத்தான் என் தோள்ல ஒருத்தர் கை போட்டாங்க, அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போயிடறேன் மேடம்"னா. இருந்துட்டுப் போன்னேன்.

– கூட ஓடி வந்தாளே, அந்த ரூம்காரி எங்க?

– அவளா? கேக்கை வாங்கிக்கிட்டுப் போன பதினோரு பேர்ல ஒருத்தி. கைப்பையை இவகிட்டயே விட்டுட்டுப் போயிட்டா.

– டின்ஸ்லி, நான் சொல்றதைக் கேளு. இப்போ ஹால்லயும் சமையல்கட்டுலயும் சேத்து ஐம்பத்தோரு பேர்தான். பதினோரு இடம் காலி. இவளையும் சேத்துக்கிட்டா யாருக்கு என்னடி குறைஞ்சிடும்?

– காலி இடம் பேச்சே இல்லை. அழைப்பு வந்தவதான் அக்கா தங்கச்சி. வழியில போறவளெல்லாம் உள்ள வந்து நின்னுக்கலாம்னா, ராத்திரி பகலா உக்காந்து பேர் பேரா ஓட்டுப் போட்டோமே, அது எதுக்கு? மூணு மணி நேரம் முடிஞ்சுதா?

– முடிஞ்சுது. ஆனா…

– அப்போ இனிமே கேக்கலாம். நானே போய்க் கேக்கறேன்.

– தனியாக் கூப்பிட்டுக் கேளுடி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இன்னொரு மொபீல் பொண்ணு வேண்டாம். போன வருஷம் அவ முகம் போன போக்கு என் கண்ணை விட்டுப் போகலை. எனக்குத் தாங்காது.

– எல்லார் முன்னாடியும்தான் கேப்பேன். அப்போதான் அடுத்த வருஷம் எவளுக்கும் இந்தத் தைரியம் வராது. வழியை விடுங்க, மிஸ் வெர்லீன்.

– விடறேன் கண்ணு. எனக்கென்ன தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இதே நாள்ல ஒரு சட்டை பத்தாமப் போச்சு. அப்போ வாசல்ல அட்டை பாக்கற வழக்கமில்லை. ஒரு பொண்ணு தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. என் சட்டையைக் கழட்டி நான்தான் அவளுக்குப் போட்டு விட்டேன். அன்னைக்கு நான் எதுவும் கேக்கலை. இப்போ கேக்கறேன், டின்ஸ்லி. உன் அட்டை எங்கம்மா?