பன்னிரண்டு தெருத் தண்ணீரும் ஒரு மைக்கறையும்

கொதிக்கும் நீராவிக்கு நடுவிலும் குளிர்ந்த சொல் பேசும் தலைவர், எங்கள் சலவைக்கூடத்தின் கொதிகலன் அக்கா அவர்களே! முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! வாழ்நாளில் முதன்முறையாகக் குடமில்லாமல் வெறுங்கையோடு வீதிக்கு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பழக்கமானது இஸ்திரி மேசை, மேடை அல்ல. என்ன மாமா? "சத்தமா பேசும்மா" என்கிறீர்களா? பேசுகிறேன். நான் வாயைத் திறந்ததால்தானே இத்தனையும் நடந்தது!

இளவரசருக்குத் துணை தேட அரண்மனை போட்டி வைத்தது, அதை ஊரெங்கும் திரை கட்டிக் காட்டியது. தெருவுக்கு ஒரு பெண். வெல்பவளின் தெருவுக்கு நாள் முழுதும் தண்ணீர். மற்றவர்களுக்கு வழக்கம்போல ஒரு மணி நேரம். இளவரசர் பேசுமுன் அவரிடம் பேசிவிட்டவள் வெளியே. அவள் தெருக் குழாய்க்கு ஓராண்டுப் பூட்டு. பூட்டுக்கும் குழாய்க்கும் நடுவிலா பூக்கும் காதல்?

பூத்தது, தாய்மார்களே! அதுதான் கொடுமை.

கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருத்தி நான். இன்னொருத்தி, இதோ மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அணைப் பொறியாளர் மகள். ஒரே அறையில் நாற்பது நாள் இருந்தோம். அவளை வெறுக்க முயன்றேன், வரவில்லை. ஒரு பிற்பகல் ஜன்னலோரம் நின்று, "தனியா நடக்கும்போது அவரு விசிலடிக்கிறாரு, கவனிச்சியாடி?" என்றாள். கவனித்திருந்தேன். இருவருக்கும் ஒரே காய்ச்சல் என்பது அன்றைக்கே புரிந்தது.

இறுதி விருந்து. தேர்வுப் பத்திரத்தில் கையெழுத்திட இளவரசர் குனிந்தார். மைப்புட்டி கவிழ்ந்தது. வெண்பட்டு அங்கியில் நீல மை! மண்டபமே தரையைப் பார்த்தது. எட்டாண்டு சலவைக்காரி நான், கறையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா?

"கழட்டுங்க மொதல்ல! காஞ்சா போகாது!"

"யாருகிட்ட பேசுறன்னு தெரியுதா?" என்று காவலர் தலைவர் சீறினார்.

இளவரசரோ பரிதாபமாக, "பொத்தான் முதுகுல இருக்கு. நானா கழட்டுனதே இல்லையே" என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தெருவின் எண்பது வீட்டுக் குடங்களும் காய்ந்த வாயோடு என் கண்முன் நின்றன.

அப்போது எழுந்தாள் இவள். பேசாமல் இருந்திருந்தால் அரண்மனை அவளுக்கு. அவள் மனதிலிருந்தவர் அவளுக்கு. அவள் தெருவுக்குத் தண்ணீர். பேசாமல் இருந்தாளா?

"கழட்டுனா மட்டும் போதுமா? பால் ஊத்தணும்ல! இளவரசே, அந்தக் குவளையை இப்படிக் குடுங்க!"

பிறகு காவலரிடம் திரும்பி, "இப்போ ரெண்டு பேருமே வெளியே. தண்ணி விதிப்புத்தகத்துல நாப்பத்தொண்ணைப் படிங்க. அணைக்காரங்க எங்க வீட்டுல அதுதான் கதைப்புத்தகம்" என்றாள்.

படித்தார்கள். 'போட்டியாளர் எவரும் எஞ்சாவிடில் போட்டி நடவாததாகக் கொள்க. ஒதுக்கிய நீர் எல்லாத் தெருவுக்கும் பொது.' போட்டியே நடக்கவில்லை என்றால் பூட்டு ஏது? அந்தத் தண்ணீர்தான் இன்று பன்னிரண்டு தெருவிலும் ஓடுகிறது!

"கல்யாணம் எப்போ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வாருங்கள் அத்தை, இவ்வளவு நேரம் எப்படிப் பொறுத்தீர்கள்?

இளவரசர் என்னைக் கேட்டார். நான் முதலில் இவளைக் கேட்டேன். "என்கிட்ட என்னடி கேக்குற? அவரு கண்ணு உன்மேலதான். நாலு நாள் அழுவேன், அஞ்சாம் நாள் அணைக்கு வேலைக்குப் போயிடுவேன்" என்றாள். போனாள்.

இன்று காலை, எந்தத் திரையும் காட்டாத ஓரிடத்தில், அவர் காதோடு என் பதிலைச் சொன்னேன். இல்லை என்றிருந்தாலும் எந்தக் குழாயும் மூடியிருக்காது. ஆம் என்பதால் எந்தக் குழாயும் திறக்கப்போவதில்லை. பயமில்லாமல், பரிசில்லாமல், என் வாயால் நான் சொன்ன ஆம் அது!

தோழி, அந்த ஒரு சொல்லை எனக்கே எனக்கென்று ஆக்கித் தந்தவள் நீ. தலை நிமிர்ந்து உட்கார். இந்தக் கூட்டம் உன்னைப் பார்க்கட்டும். உனக்கு என் நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.