வெள்ளிக்கிழமை டாக்கோ

எனக்குச் சமையல் வராது. வந்திருந்தால் இத்தனை மாதம் மாட்டாமல் இருந்திருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மாலையானால் நார்வேயில் எங்கள் டிராமன் ஊரில் எல்லார் வீட்டிலும் டாக்கோதான், ரொட்டியில் கறியும் கிரீமும் வைத்து மடிப்பது. என் வீட்டு டாக்கோ மட்டும் கொஞ்சம் கசக்கும். என் மகன் எஸ்கிலுக்குப் பதினாறு வயது. "இதைச் சாப்பிடறவனுக்கு மெடல் குடுக்கணும்ப்பா" என்பானே தவிர, ஏன் கசக்கிறது என்று கேட்டதில்லை.

போன அக்டோபரில் அவனைக் கஞ்சாவோடு உங்கள் போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டோம். வாராவாரம் சிறுநீர்ப் பரிசோதனை, தூரிட் என்ற ஆலோசகரோடு பேச்சு. கோடை வரை சுத்தமாக இருந்தால் வழக்கு கிடையாது, கப்பலில் பயிற்சிக்குச் சேரலாம். கப்பலைத் தவிர அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. துண்டுப் பிரசுரம் ஒன்று விடாமல் படித்தேன். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். "பசங்களோட சேர்ந்து சாப்பிடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க." பெரிய மேதாவி, கைதட்டல் வேறு. என் மகன் எங்கே இருந்தான் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். சோபாவில், வாயைப் பிளந்துகொண்டு.

அவனை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்த எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரைதான் அந்தக் கசப்பு. அந்தப் பெட்டியைத்தான் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அவன் தூங்கினால் நானும் தூங்கிவிடுவேன் அல்லவா. ஒன்றைப் பொடித்து அவன் தட்டுக் கிரீமில் கலப்பேன். நண்பர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் போன் ஓய்ந்துபோகும். போர்வை போர்த்திவிட்டு நிற்கும்போது, என்னைப் போல் தகப்பன் நார்வேயிலேயே கிடையாது என்று தோன்றும்.

மார்ச் வரை கஞ்சாவை மட்டும் பார்த்தார்கள். சுத்தம். பிறகு ஒருமுறை எல்லாப் போதை மருந்தையும் பார்த்தார்கள்.

"மாத்திரை யார்கிட்ட வாங்கின எஸ்கில்?" என்றார் தூரிட்.

"சத்தியமா நான் எதுவும் போடலை. அப்பா, நீயாவது சொல்லேன். நான் வீட்டைவிட்டு எங்க போறேன்?"

நான் வாயைத் திறந்தேன். பிரசுரத்தில் படித்ததுதான் வந்தது. "உண்மையச் சொல்லிடுடா கண்ணா. அப்பா கோபப்பட மாட்டேன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பையன் நொறுங்கிப் போயிருந்தான். இந்த மாதிரி நேரத்தில்தான் பிள்ளைகள் மறுபடி கஞ்சாவைத் தேடிப் போவார்கள் என்று படித்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றரை மாத்திரை போட்டேன்.

மே மாதம் மறுபடி எல்லாவற்றையும் பார்த்ததில் மாத்திரை தெரிந்துவிட்டது. வழக்கு வந்தது, கப்பல் போனது. அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து எஸ்கில் அழுதான்.

"நான்தான் போட்டுட்டு மறந்துடறேன் போலப்பா. வெள்ளிக்கிழமை நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

அவனைக் கட்டிக்கொண்டேன். ஒத்துக்கொள்வதுதான் குணமாவதன் முதல் படி என்று எல்லாப் பிரசுரத்திலும் போட்டிருக்கிறது. என் பையன் அந்தப் படியில் ஏறிவிட்டான். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.