சூடு பார்த்துக் கொடுத்தவன்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், டாக்டரம்மா. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இடது பக்கத்து ஸ்பிரிங் போய்விட்டது. அதனால்தான் வலது பக்கமாகவே சாய்கிறீர்கள், இப்படியே விட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சோபா தைக்கிறவன் கண்ணுக்கு ஆள் அப்புறம்தான் தெரியும், இருக்கைதான் முதலில் தெரியும். நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாத்திரையைப் போட்டீர்களா இல்லையா என்று கேட்டீர்கள். போடவில்லை. அதோடு நிறுத்தினால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், எனவே முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ரயில் ஓட்டுகிறவள், உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. சோபா கொண்டுவருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டம்மா எஞ்சின் ஓட்டுறாங்க" என்று வலியப் போய்ச் சொல்வேன். அவள் இருக்கைக்கென்று நல்ல கனமான பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். அந்த மெத்தை பார்க்காத ஊர் இல்லை. தைத்தவன் மட்டும் வீட்டு முன்னறையில் பஞ்சுக்கும் ஆணிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். போனால் நாலைந்து நாள் கழித்து வருவாள், வந்தால் தூங்குவாள், எழுந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நான் குறை சொல்லவில்லை. சண்டை போடுகிற ஆளும் இல்லை நான்.

அப்புறம் ஒரு தடவை ஏதோ ஒரு ஸ்டேஷனில் வெயிலில் கிடந்த முட்டை ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தாள். வாந்தி, பேதி, காய்ச்சல் எல்லாம் ஒன்றாக வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். சூப் வைத்தேன். கரண்டியில் எடுத்து, என் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அதே கரண்டியால் அவளுக்கு ஊட்டினேன். நாலு நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தவள், வாடிக்கையாளர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு என்னோடு சீட்டு விளையாடினாள். ஏமாற்றித்தான் ஜெயித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தன் புருஷனிடம், "பாரு, அவரும் மனுஷன்தான், நீயும் மனுஷன்தான்" என்றாள். அந்த மாதிரி சந்தோஷமான வாரம் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

வாந்தி நின்றாலும் அவளுக்கு வயிற்று எரிச்சல் நிற்கவில்லை. அப்போதுதான் உங்களிடம் வந்தோம். பைக்குள் மூச்சை ஊதச் சொன்னீர்கள். அவளுக்குத்தான் பரிசோதனை என்று நினைத்தேன், என்னையும் ஊதச் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் அந்தக் கிருமி இருந்தது. நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"உங்களுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும். சில பேருக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் பண்ணாது, சத்தமில்லாம உள்ள குடியிருக்கும். அது வாய் வழியாப் பரவுறது. உங்ககிட்டேருந்துதான் இவங்களுக்குப் போயிருக்கணும். இவங்க வயித்துல அது புண்ணாக்கியிருக்கு."

அன்றைக்கு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடியது. கல்யாணத்தில் போட்ட மோதிரத்தைக்கூட வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகிறவள் அவள். என்னிடமிருந்து போன ஒன்று அவளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பாட்டு வந்துகொண்டிருந்தது.

கிருமியைக் கொல்ல இரண்டு விதம், அமிலத்தைக் குறைக்க ஒன்று என்று ஆளுக்கு ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தீர்கள். இரண்டு வாரம், ஒரு வேளைகூட விடக்கூடாது, நன்றாகிவிட்டதென்று பாதியில் நிறுத்தக்கூடாது என்றீர்கள். அவள் சட்டம் பிசகாமல் சாப்பிட்டாள். வாயெல்லாம் இரும்பு நக்கினாற்போல இருக்கிறதென்று முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள்.

"நீங்க போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

நான் செய்தது அவ்வளவுதான். எனக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை. வலிக்காத வயிற்றுக்கு மருந்து எதற்கு? மாத்திரைகளைக் குப்பையில் போட்டால் எங்களோடு இருக்கும் கொழுந்தியாள் கண்ணில் பட்டுவிடும், அவள் கண்ணுக்குத் தப்பி எங்கள் வீட்டில் எறும்புகூட நடமாட முடியாது. சாக்கடையில் கொட்டவும் கூடாது. கொட்டினால் தண்ணீரில் இருக்கும் கிருமிகளெல்லாம் மருந்துக்குப் பழகி முரடாகிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பெரியவர்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். எனவே, தைத்துக்கொண்டிருந்த சோபாக்களுக்குள் பஞ்சோடு பஞ்சாக வைத்துத் தைத்துவிட்டேன். எத்தனையோ வீட்டு வரவேற்பறையில் ஜனங்கள் என் மருந்தின் மேல் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அவளுக்குக் குணமாயிற்று. மறுபடி ஊதிப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது, மறுபடி எஞ்சின் ஏறினாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் சூப் வைத்து, சூடு பார்த்து ஊட்டினேன். "நான் என்ன குழந்தையா?" என்று கேட்டுக்கொண்டே வாயைத் திறப்பாள். சில மாதத்தில் எரிச்சல் திரும்பி வந்தது. லீவு போட்டாள். சீட்டுக்கட்டை எடுத்தோம்.

கொழுந்தியாள்தான் முதலில் முனகினாள். "அத்தான், அக்கா வெளியூர்ல இருக்கிறப்ப நல்லாத்தான் இருக்கா. உங்க கையால சாப்பிட ஆரம்பிச்சதும் படுத்துடுறா. அது எப்படி?"

"வீட்டுக்கு வந்தாத்தான்மா உடம்புக்குத் தன் அலுப்பே தெரியும்" என்றேன். நல்ல பதில்தான். எனக்கே பிடித்திருந்தது.

இந்தத் தடவை நீங்கள் வேறு மருந்து எழுதினீர்கள், பழையது அவள் உடம்பில் கேட்கவில்லை என்று நினைத்தீர்கள். அந்தச் சமயத்தில்தான் ரயில்வேயிலிருந்து அந்தச் செய்தி வந்தது. தூரத்து எக்ஸ்பிரஸுக்கு அவளைப் போடப்போகிறார்கள். உடம்பு முழுக்கத் தேறியிருந்தால் எக்ஸ்பிரஸ், இல்லையென்றால் எஞ்சினை விட்டே இறக்கி மேஜை வேலை. அவள் சின்னப் பிள்ளை மாதிரி வீடெல்லாம் சுற்றி வந்தாள். "இதுக்காகத்தாங்க நான் வேலைக்கே சேர்ந்தேன்" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எக்ஸ்பிரஸ் என்றால் வீட்டுக்கு வருவது ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்று ஆகிவிடும், அது ஒன்றுதான் யோசனையாக இருந்தது.

மேஜை வேலை என்றால் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. கடையில் சத்து மாத்திரை விற்கிறார்கள், நீங்கள் எழுதிய கேப்ஸ்யூல் நிறத்திலேயே, அளவும் அதேதான். வேளைக்கு வேளை எடுத்துக் கொடுப்பது நான்தானே. அவள் கையை நீட்டுவாள், நான் சத்து மாத்திரையை வைப்பேன், தண்ணீரை நீட்டுவேன். "இது பரவாயில்ல, வாயில இரும்பு ருசியே வரல" என்று சந்தோஷப்பட்டாள். நல்ல மருந்தையெல்லாம் ஒரு துணியில் முடிந்து, பழசாகிவிட்டது என்று பிரித்துத் தைத்த அவளுடைய எஞ்சின் மெத்தைக்குள் வைத்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவள் பொருள் அவளோடு இருக்கட்டும் என்று தோன்றியது.

நான் எதிர்பார்த்தது, அவளே வலிக்கிறது என்று சொல்வாள், மேஜைக்கு மாற்றுவார்கள் என்பதுதான். அவள் சொல்லவில்லை. சொன்னால் எக்ஸ்பிரஸ் போய்விடும் என்று, உங்களிடம் மறுபடி ஊதிப் பார்க்கவும் வராமல், வலியை மறைத்துவிட்டாள். என்னிடம்கூட மறைத்தாள் என்பதில்தான் எனக்கு வருத்தம். வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது புண்ணை இன்னும் கிளறிவிடும் என்று நீங்கள் இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள். அதைப் போட்டது அவள், நான் இல்லை. உள்ளே ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போனதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி ஒளிவுமறைவு இருந்தால் குடும்பம் எப்படி நடக்கும்?

எக்ஸ்பிரஸில் அது அவளுடைய முதல் பயணம். பின்னால் பெட்டி நிறைய ஜனம். வளைவு ஒன்று வரும் நேரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டு மயங்கியிருக்கிறாள். துணை ஓட்டுநர் கெட்டிக்காரர், உடனே வண்டியை நிறுத்திவிட்டார். பயணிகளுக்குத் தாமதமானதைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. செய்திக்காரர்கள்தான் பெரிதாக எழுதினார்கள்.

மெத்தையெல்லாம் ரத்தமாகிவிட்டதே என்று அந்தத் துணை ஓட்டுநர் உறையைக் கிழித்துக் கழுவப் பார்த்திருக்கிறார். முடிச்சு கையில் விழுந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்திருக்கிறார். அவள் மருந்தின் மேலேயே உட்கார்ந்துதான் வண்டி ஓட்டியிருக்கிறாள். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, டாக்டரம்மா, நீங்கள் முறைத்தீர்கள். சிரிக்கக் கூடாததுதான். ஆனால் தையலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கத்தி வைக்காமல் பிரிக்கவே முடியாது.

இந்தத் தடவை அவளுக்கு நர்ஸம்மா கையாலேயே மருந்து கொடுத்தீர்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். ரத்தம் ஏற்றினீர்கள். புண் ஆறிவிட்டது, கிருமி ஒன்றுகூட இல்லை என்று நேற்றுச் சொன்னீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். எஞ்சினில் இனி ஏற்ற மாட்டோம் என்று ரயில்வேக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள் என்று கேள்விப்பட்டேன். அழட்டும், ஆசைப்பட்ட வேலை. எனக்கும் கண் கலங்கியது. பார்க்க வந்த என்னை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கொழுந்தியாள் குறுக்கே நின்றுகொண்டு, "அத்தான், நீங்க இந்தப் பக்கமே வராதீங்க. அக்காவே சொல்லச் சொன்னா" என்றாள். கோபம். கோபம் இருக்கிற இடத்தில்தானே குணம் இருக்கும் என்பார்கள்.

எனக்கும் ஒரு பை மாத்திரை எடுத்து வைத்திருக்கிறீர்கள், உங்கள் கண் எதிரிலேயே விழுங்கச் சொல்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், வேண்டாம். அவளிடமிருந்துதான் அந்தக் கிருமி போய்விட்டது, வீட்டில் ஒருத்தராவது அதை வைத்திருக்க வேண்டாமா? போலீஸ்காரர் வெளியே காத்திருக்கிறார் என்பதும் தெரியும். அவரிடமும் இதையே சொல்வேன். செய்தது நான்தான். மாத்திரையை மாற்றியதும் நான்தான், கரண்டியும் என்னுடையதுதான். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

ஒரே ஒரு உதவி. அவளுக்கு வேறு ஊரில் மேஜை வேலை கொடுத்திருக்கிறார்கள், தங்க ஓர் அறையும் பார்த்தாயிற்று. சின்ன அறைதானாம், ஒற்றைக் கட்டில்தான் போட முடியுமாம். கொழுந்தியாள் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இருக்கிற பரபரப்பில் என்னிடம் விலாசம் சொல்ல இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். உங்களிடம் இருக்கும், கொஞ்சம் எழுதிக் கொடுங்கள். கட்டில் ஒன்றுதான் என்பதைப் பற்றிக் கவலை இல்லை, நான் தரையில் மெத்தை போட்டுக்கொள்வேன். இனிமேல் அவள் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.