குட்டிகள் தூங்கும் குகை

உங்கள் மின்விசிறி கடகடக்கிறது, ஐயா. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். எனக்குச் சத்தம் ஆகாது. குகைக் காவலுக்கு என்னை எடுத்ததே அதற்காகத்தான்.

சுவரில் ஆதிமனிதன் தீட்டிய மான்கள். கூரையில் உலகில் அதிகம் மிச்சமில்லாத வௌவால்கள். அவை குட்டி போடும் பருவம் முழுக்க யாரும் உள்ளே போகக் கூடாது. வாசலில் குறுக்குக் கம்பிக் கதவு. கம்பிகளுக்கு நடுவே வௌவால் பறந்து போகலாம், மனிதன் நுழைய முடியாது. பூட்டினால் பருவம் முடியும்வரை திறப்பதில்லை. விதியைப் போட்டவன் நானல்ல, கடைப்பிடிப்பவன் மட்டும்.

என் மனைவியின் அண்ணன் சுற்றுலா வண்டிகள் விடுபவர். புகை போட்டு வௌவால்களை விரட்டி, உள்ளே கலர் விளக்கு மாட்டி, வருடம் முழுக்க ஆள் ஏற்றலாம் என்பது அவர் திட்டம். கலை வளருமாம். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் என்னை 'வௌவாலு மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார். தலைகீழாகத் தொங்கித்தான் தூங்குகிறேனா என்று தங்கையிடம் விசாரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை.

குகை மூடும் நாளன்று விளக்குக்கு அளவெடுக்க வந்தார், யாரிடமும் சொல்லாமல். தாராளமாகப் போங்கள் என்றேன். மூடும் நேரம் வந்தது, மூடினேன்.

முதலில் சிரித்தார். பிறகு பேரம். தொழிலில் பங்கு, புது வண்டி, மேலாளர் பதவி. நான் கடைத்தெருவில் வளர்ந்தவன், ஐயா. சரக்கு நம் கையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது தெரியும். கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வௌவாலு மாப்ளே, தொறங்க. உங்க கால்ல விழறேன்."

"மெல்லப் பேசுங்க மச்சான். குட்டிங்க தூங்குது."

அவர் எங்கே மெல்லப் பேசினார். தாய் வௌவால் மிரண்டால் குட்டியை நழுவவிட்டுவிடும். அதனால் கதவு முழுக்கத் தடித்த பலகை அடித்து, இடுக்குகளில் சாக்கைத் திணித்தேன். அருமையான அமைதி.

அண்ணன் ஃபோனே எடுக்கவில்லை என்று மனைவி புலம்பினாள். டவர் கிடைக்காத இடத்தில் இருப்பார் என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அதிகாரிகள் விதிப்படி கீழே சாலையிலேயே நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியான பருவத்தைக் கண்டதில்லை என்று பாராட்டினார்கள்.

பருவம் முடிந்து, வௌவால் ஆய்வாளரம்மா பார்த்திருக்கப் பலகையைக் கழற்றினேன். மச்சான் வாசலிலேயே கிடந்தார். அந்தம்மா அவரைத் தாண்டிப் பார்த்தார். தரை முழுக்கத் தாயும் குட்டியுமாக வௌவால்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரை தேடப் போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்பது அந்தம்மா அழுதபோதுதான் உறைத்தது. என்னைப் போல் அவற்றுக்காகப் பாடுபட்டவர் யார், சொல்லுங்கள்.

உள்ளே சத்தம் நின்ற பிறகாவது பலகையை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். எடுக்கத்தான் போனேன், ஐயா, சுத்தியலோடு. ஆனால் அவருக்கு இன்னும் கொஞ்சம் மூச்சிருந்து, கீழே சாலையில் போகிறவர்கள் காதில் விழ, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்?